தாயை இழந்து பிறந்தவள் எழுதிய நாவல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்திவரும் சிறிய வாசகர் வட்டம் இந்த ஆண்டு மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கென்ஸ்டைன்' நாவலை எடுத்துக்கொண்டது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், செம்பனை ஆலையில் வேலை செய்யும் இளைஞர்கள், ஆறாம் படிவ மாணவியர் எனப் பலரும் வந்திருந்தார்கள். பேசியவர்களில் பெரும்பாலோர், இயற்கையின் எல்லையை மீறிய அறிவியலுக்கு ஓர் எச்சரிக்கையாகவே இந்நாவலைக் கண்டார்கள். அந்த வாசிப்புக்கு நூலில் இடமுண்டு. ஆனால் செத்த உடலுக்கு உயிர் எப்படி ஊட்டப்பட்டது என்பதைச் சில வரிகளில் சொல்லி முடித்துவிட்டு, பிறந்த உயிரைப் படைத்தவன் ஏறெடுத்தும் பாராமல் ஓடிப்போனால் அந்த உயிர் என்னவாகும் என்பதற்கே மேரி ஷெல்லி மூன்று தொகுதிகளைச் செலவிட்டிருக்கிறார். அன்று நேரம் போதாமல் நான் சொல்ல முடியாமல் போனதை இங்கே விரிவாக எழுதுகிறேன். பிறப்பு ஒரு மரணத்தோடு சேர்ந்து வரக்கூடும் என்பதை மகளாகவும் தாயாகவும் அறிந்திருந்த ஒருவரால்தான் இந்த நூலை எழுதியிருக்க முடியும் என்பது என் எண்ணம்.

மேரி 1797 ஆகஸ்ட் 30ஆம் நாள் லண்டனின் சோமர்ஸ் டவுன் பகுதியில் பிறந்தார். தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், பெண்களின் உரிமைகளை நிலைநாட்டி 1792இல் எழுதிய நூலால் ஐரோப்பாவெங்கும் அறியப்பட்டவர். தந்தை வில்லியம் காட்வின், அரசு, சொத்து, திருமணம் ஆகிய மூன்றையும் கேள்விக்குள்ளாக்கிய சிந்தனையாளர். பிரசவத்தை ஒரு மருத்துவச்சி பார்த்தார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை. மகப்பேறு மருத்துவமனையிலிருந்து அழைத்துவரப்பட்ட மருத்துவர் கையை உள்ளே செலுத்தி அதைத் துண்டு துண்டாக எடுத்தார். கிருமிகளைப் பற்றி அன்று எவருக்கும் தெரியாது. பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் கைகளைத் தூய்மை செய்துகொள்ள வேண்டும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் வலியுறுத்தியதே 1847இல்தான். காப்பாற்ற வந்த கைகளின் வழியாகவே நோய் உடலுக்குள் சென்றிருக்கலாம். காய்ச்சல் ஏறியது, குழந்தை தாய்ப்பால் குடிக்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார், கட்டிய பாலை எடுப்பதற்கு நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். செப்டம்பர் 10ஆம் நாள் தாய் இறந்தார்.

இந்த இடத்தை நான் எளிதாகக் கடந்து போக முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. என் தாயாரும் இப்படித்தான் பிறந்தார். எங்கள் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஒன்றின் லயத்து வீட்டில் பாட்டி அவரைப் பெற்றெடுத்துவிட்டு, சில நாட்களில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. தாத்தா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தொழிலாளர்களின் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போய்விடுவார். என் தாயாரை வளர்த்தவர் ஆயாக் கொட்டகையில் இருந்த ஆயா. தாயைத் தின்று பிறந்தவள் என்று உறவினர்கள் சொன்னதை என் தாயார் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பிறந்த குழந்தை என்ன குற்றம் செய்திருக்க முடியும் என்று அறிவு கேட்கும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த மனம் அப்படிக் கேட்பதில்லை. என்னைக் கருவுற்றிருந்த மாதங்களில், தாமும் தம் தாயைப் போல் போய்விடுவோமோ என்ற அச்சத்தில் அவர் சரியாக உறங்கியதே இல்லை என்று பின்னாளில் என்னிடம் சொல்லியிருக்கிறார். மேரி ஷெல்லியின் வாழ்க்கைக் குறிப்புகளை நான் முதலில் படித்தபோது, இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய லண்டனும் பேராக்கின் பால்மரக் காடும் எனக்கு அவ்வளவு தொலைவில் இருப்பதாகத் தோன்றவில்லை.

மேரியின் மேல் அப்படிப்பட்ட பழிச்சொல்லை யாரேனும் சுமத்தினார்களா என்பதைவிட, தம் பிறப்பின் முழுக் கதையையும் அவர் அச்சில் படித்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனைவி இறந்த சில மாதங்களிலேயே, 1798இல், காட்வின் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். நஞ்சுக்கொடி எடுக்கப்பட்டதும், நாய்க்குட்டிகள் கொண்டுவரப்பட்டதும், நடுக்கமும் காய்ச்சலும் நாளுக்கு நாள் கூடியதும் அந்நூலின் இறுதி இயலில் விவரமாக இருக்கின்றன. ஒரு மகள் தன் தாயின் சாவை, தானே அதற்கு முதற்காரணமாக நிற்கும் சாவை, தன் தந்தையின் எழுத்திலிருந்து அறிந்துகொள்கிறாள். இப்போது நாவலைப் பாருங்கள். செத்த உடல்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உயிரைப் படைப்பவன் விக்டர் ஃபிராங்கென்ஸ்டைன். படைக்கப்பட்டவன் விக்டரின் ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்துவந்த உடையின் பையில் சில தாள்களைக் காண்கிறான். எழுத்தறிவு பெற்ற பிறகு அவற்றைப் படிக்கிறான். தான் உண்டாக்கப்படுவதற்கு முந்தைய நான்கு மாதங்களில் விக்டர் எழுதிய நாட்குறிப்பு அது. தன் உடல் எப்படிச் சேர்க்கப்பட்டது, அதைச் செய்தவன் எவ்வளவு அருவருப்போடு செய்தான் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. படிக்கப் படிக்கத் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். பேய்க்கதைகளின் மரபில் இப்படி ஒரு காட்சி வர வேண்டிய தேவை எதுவும் இல்லை. தன் பிறப்பைப் பற்றிய ஏட்டைத் தானே படிக்க நேர்ந்த ஒருவருக்குத்தான் இது தோன்றும் என்று நான் நம்புகிறேன்.

தாயின் கல்லறை செயின்ட் பேங்க்ராஸ் தேவாலயத்தின் இடுகாட்டில் இருந்தது. அதில் பொறிக்கப்பட்டிருந்த பெயர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் காட்வின். மகளின் பெயரும் அதுவே. அந்தக் கல்லில் உள்ள எழுத்துகளைத் தடவித்தான் சிறுமி எழுத்தறிந்தாள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்வதுண்டு. 1801இல் காட்வின் மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னைக்கும் மேரிக்கும் ஒத்துப்போகவில்லை. வளர்ந்த பெண் அந்த இடுகாட்டுக்குப் போய் உட்கார்ந்து தாயின் நூல்களைப் படித்தாள். ஏற்கெனவே மணமாகியிருந்த இளங்கவிஞர் பெர்சி ஷெல்லியைச் சந்தித்துப் பேசியதும் அங்கேதான். 1814 ஜூலையில், பதினாறு வயதில், அவரோடு வீட்டைவிட்டு வெளியேறினாள். திருமணத்தையே எதிர்த்து எழுதிய தந்தை, மகள் திருமணமின்றி ஒருவரோடு வாழப்போனதும் முகம் கொடுத்துப் பேச மறுத்துவிட்டார். ஆனால் பெர்சியிடம் கடன் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. அப்படிப்பட்ட தந்தைக்குத்தான் இந்நாவல் படையலாக்கப்பட்டிருக்கிறது.

1815 பிப்ரவரி 22ஆம் நாள் மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே, மார்ச் 6ஆம் நாள், அது இறந்துவிட்டது. மார்ச் 19ஆம் நாள் தம் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதிவைத்தார்: குழந்தை மறுபடியும் உயிர் பெற்றதாம், அது குளிர்ந்து மட்டுமே போயிருந்ததாம், தீயின் முன் வைத்துத் தேய்த்துவிட்டதும் பிழைத்துக்கொண்டதாம். விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. இந்தச் சில வரிகளைப் படித்த பிறகு, இறந்த உடலுக்கு மறுபடி உயிரூட்டும் எண்ணம் மேரிக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு மின்சார ஆய்வுகளை மட்டும் காரணமாகக் காட்டிவிட்டு நகர என்னால் முடியவில்லை. இறந்த தவளையின் கால்களைக் கால்வானி மின்சாரத்தால் துடிக்கவைத்ததும், அவருடைய உறவினர் ஆல்டினி 1803இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்னோட்டம் செலுத்திக் காட்டியதும் அக்காலத்தவரின் பேச்சில் இருந்தவைதாம். அவை அந்த எண்ணத்துக்கு ஒரு கருவியைத் தந்தன. எண்ணமோ அதற்கு முன்பே, குளிர்ந்துபோன ஒரு குழந்தையைத் தீயருகே வைத்துத் தேய்த்த கனவில் வந்துவிட்டது.

நாவலில் உயிர் பிறக்கும் அந்த நவம்பர் இரவை, இந்தக் கனவை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். விக்டர் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உழைக்கிறான். தன் வேலையிடத்தை அழுக்கு நிறைந்த ஒரு படைப்புக்கூடம் என்றும், மனித உடலின் பேரிரகசியங்களைத் தீண்டத் தகாத விரல்களால் கலைத்ததாகவும் அவனே சொல்கிறான். மழை கண்ணாடியில் அடிக்கிறது. மெழுகுவத்தி அணையும் நிலையில் இருக்கிறது. மங்கிய மஞ்சள் நிறக் கண் ஒன்று திறக்கிறது. அவ்வளவுதான், ஓடிவிடுகிறான். ஓடிப்போய்ப் படுத்து உறங்குகிறான். உறக்கத்தில் தான் மணக்கவிருக்கும் எலிசபெத்தைக் காண்கிறான். முத்தமிட்டதும் அவள் முகம் மாறுகிறது. அவன் கைகளில் இருப்பது செத்துப்போன தன் தாயின் உடல், பிணத்துணியின் மடிப்புகளில் புழுக்கள் ஊர்கின்றன. திடுக்கிட்டு விழித்தால், தான் உண்டாக்கிய உயிர் கட்டில் திரையை விலக்கிக்கொண்டு நிற்கிறது. வாய் திறந்து ஏதோ ஒலி எழுப்புகிறது. ஒரு கையை நீட்டுகிறது. அந்தக் கைக்குத் தப்பி அவன் மறுபடியும் ஓடுகிறான்.

புதிதாகப் பிறந்தது தாயின் பிணத்தைக் கனவில் கொண்டுவருகிறது. பிறந்த உயிர் பெற்றவரை நோக்கிக் கை நீட்டுகிறது, பெற்றவர் கிடைக்கவில்லை. 1797 செப்டம்பரில் சோமர்ஸ் டவுன் வீட்டில் நடந்தவை இவையே. ஆனால் நாவலாசிரியர் அந்த இரவில் யாருடைய இடத்தில் இருக்கிறார் என்று கேட்டால், விடை அவ்வளவு எளிதன்று. கை நீட்டும் உயிராகவும் அவர் இருக்கிறார். கண்ணெதிரே தாயின் பிணத்தைக் காண்பவனாகவும் இருக்கிறார். தன்னிடமிருந்து வந்த உயிரைக் காப்பாற்றாமல் போன ஒருவராகவும் இருக்கிறார். நூலைப் படிக்கும்போது நம் பரிவு விக்டரிடமிருந்து அவன் படைப்புக்கும், மீண்டும் விக்டருக்கும் மாறி மாறிச் செல்வதற்கு இதுவே காரணம் என்பேன். இருவருக்கும் அவர் தம் குரலைக் கொடுத்திருக்கிறார். வெறும் பூதத்தின் கதையாக இருந்திருந்தால் பூதத்துக்குத் தன்மை ஒருமையில் இத்தனை இயல்கள் கிடைத்திருக்காது.

நம்மவர்களுக்கு இங்கே கர்ணன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. எங்கள் வட்டத்திலும் ஒரு மூத்த அம்மையார் அதைச் சொன்னார். முனிவர் கொடுத்த மந்திரம் பலிக்கிறதா என்று சோதித்துப் பார்த்த இளம்பெண்ணுக்குப் பிள்ளை பிறந்துவிடுகிறது. அஞ்சி, பேழையில் வைத்து ஆற்றில் விட்டுவிடுகிறாள். பெற்றவளும் பிள்ளையும் பின்னொரு நாள் நேருக்கு நேர் நின்று கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் கர்ணன் கவச குண்டலங்களோடு, பார்ப்பவர் மனம் இளகும் அழகோடு பிறந்தவன். அவனை எடுத்து வளர்க்க ராதை இருந்தாள். விக்டரின் படைப்புக்கு அந்த ராதை இல்லை. பார்வையற்ற முதியவர் டி லேசி மட்டும் அவனோடு மனிதனிடம் பேசுவதுபோல் பேசுகிறார். கண்ணுள்ளவர்கள் உள்ளே நுழைந்ததும் அதுவும் முடிந்துபோகிறது. என் தாயாருக்கு ஓர் ஆயா கிடைத்ததும், அவர் அன்பான மனிதராக வளர்ந்ததும் எனக்குத் தெரியும் என்பதால், நாவலின் இந்தப் பகுதியை என்னால் வெறும் கதையாகப் படிக்க முடிவதில்லை.

ஜெனீவா ஏரிக்கரைக் கதையை எல்லோரும் அறிவார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1816 கோடையில் கவிஞர் பைரன் தங்கியிருந்த டியோடாட்டி மாளிகையில், ஓயாத மழையால் அடைபட்டுக் கிடந்தவர்கள் ஜெர்மானியப் பேய்க்கதைகளைப் படித்தார்கள். ஆளுக்கொரு கதை எழுதலாம் என்றார் பைரன். பதினெட்டு வயது மேரியின் கதை அங்கே கருக்கொண்டது. அந்த மழைக்குக் காரணமான எரிமலை நம் வட்டாரத்தைச் சேர்ந்தது என்பதை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். சும்பாவா தீவின் தம்போரா மலை 1815 ஏப்ரலில் வெடித்தபோது, அதன் ஓசை சுமத்ராவரை கேட்டது. ஜாவாவில் அப்போது ஆட்சி செய்துகொண்டிருந்த ராஃபிள்ஸின் ஆட்கள் அதைப் பீரங்கி முழக்கம் என்று கருதினார்கள். வானில் பரவிய சாம்பலும் கந்தகப் புகையும் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் செய்துவிட்டன. ஆனால் இந்த மாளிகைக் காட்சிக்குப் பலரும் கொடுக்கும் முதன்மையை நான் கொடுக்க மாட்டேன். கதை தொடங்கியது அங்கே; நூலின் பெரும்பகுதி எழுதப்பட்டது இங்கிலாந்துக்குத் திரும்பிய பின், மிகவும் கடினமான மாதங்களில்.

அந்த மாதங்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். 1816 இலையுதிர்காலத்தில் மேரி பாத் நகரில் தங்கி எழுதிக்கொண்டிருந்தார். அக்டோபரில் அவருடைய அக்காள் ஃபேனி, வுல்ஸ்டன்கிராஃப்டுக்குத் திருமணத்துக்கு வெளியே முன்பு பிறந்த மகள், ஸ்வான்சி ஊரின் விடுதி ஒன்றில் அபினிச் சாறு அருந்தி உயிரை மாய்த்துக்கொண்டார். தம் பிறப்பே ஒரு கேடாக அமைந்துவிட்டது என்றும், அப்படிப்பட்ட ஓர் உயிரை முடித்துக்கொள்வதே நல்லது என்றும் குறிப்பு எழுதிவைத்திருந்தார். அதில் கையொப்பம் இருந்த பகுதி கிழிக்கப்பட்டிருந்தது. குடும்பத்தின் பெயர் வெளியே தெரிந்துவிடும் என்று காட்வின் உடலைக் கேட்டுப் பெறவில்லை. ஃபேனி பெயரின்றி அடக்கம் செய்யப்பட்டார். டிசம்பரில் பெர்சியின் மனைவி ஹாரியட், கருவுற்ற நிலையில், லண்டனின் செர்பன்டைன் நீர்நிலையில் பிணமாக எடுக்கப்பட்டார். அந்த மாதம் 30ஆம் நாளே மேரிக்கும் பெர்சிக்கும் திருமணம் நடந்தது. அதன் பிறகே காட்வின் மகளோடு பேசினார்.

பெயரில்லாத அந்த உயிர், பனிப்பாறைகளின் நடுவே தன்னைத் தானே எரித்துக்கொள்ளப் போவதாகச் சொல்லி இருளில் மறையும் முடிவை எழுதும் கைக்கு, ஃபேனியின் கிழிந்த தாள் தெரிந்திருந்தது. இதை ஒன்றுக்கொன்று நேரான கணக்காக நான் சொல்லவில்லை. ஆனால் நாவலில் அந்த உயிருக்குக் கடைசிவரை யாரும் பெயர் வைப்பதில்லை என்பதை மேரி தற்செயலாகச் செய்திருக்க வாய்ப்பில்லை. அவருடைய முதல் குழந்தைக்கும் பெயர் கிடைக்கவில்லை. அக்காளின் பெயர் மறைக்கப்பட்டது. 1818 ஜனவரி 1ஆம் நாள் 500 படிகளோடு வெளிவந்த நாவலிலும் ஆசிரியரின் பெயர் இல்லை. 1823இல் லண்டன் மேடையில் இக்கதை நாடகமானபோது, நடிகர் பட்டியலில் அந்தப் பாத்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். அதைக் கண்டு மேரி மகிழ்ந்து, பெயரிட முடியாததைப் பெயரின்றியே குறிப்பது நன்றாக இருக்கிறது என்று கடிதத்தில் எழுதினார்.

எங்கள் வட்டத்தின் இளைஞர்களிடம் இந்தப் பகுதி எதிர்பாராத அளவுக்கு ஆழமாகப் பதிந்தது. பிறப்புப் பத்திரம் எடுக்கப்படாமல், அடையாள அட்டை இல்லாமல் வளர்ந்து, பள்ளியில் சேரவும் தேர்வெழுதவும் தடுமாறிய பிள்ளைகளை அறியாத தோட்டக் குடும்பம் இங்கே குறைவு. சுவரின் விரிசல் வழியே பக்கத்து வீட்டின் பேச்சைக் கேட்டு மொழி கற்றுக்கொள்பவன், அதே விரிசல் வழியே சொத்தும் குலமும் இருப்பவர்களுக்குத்தான் உலகில் மதிப்பு என்பதையும் கற்றுக்கொள்கிறான். தன்னிடம் பணமில்லை, நண்பரில்லை, ஒரு துண்டு நிலமில்லை என்று அப்போதுதான் உணர்கிறான். ஓர் இளைஞர் அந்தப் பத்தியை இரண்டு முறை உரக்கப் படித்தார். அமெரிக்கப் பழங்குடியினருக்கு நேர்ந்ததைக் கேட்டு அவன், அந்த வீட்டில் தானும் மொழி கற்றுக்கொண்டிருந்த சாஃபி என்ற பெண்ணோடு சேர்ந்து அழுவதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். மேரியும் பெர்சியும் மேற்கிந்தியத் தீவுகளின் வரலாற்றைப் படித்தவர்கள். அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதற்காகச் சர்க்கரையைத் தவிர்த்தவர்கள். பெருந்தோட்டங்களின் கொடுமை அவர்களுக்குத் தொலைதூரச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை.

வாழ்க்கையை வைத்துப் படைப்பைப் படிப்பதில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அசலைத் தேடிப் பிடித்துவிட்டால் நாவல் வெறும் புதிராகிவிடும். விக்டர் யார்? பெர்சி தம் முதல் கவிதை நூலை 1810இல் வெளியிட்டபோது விக்டர் என்ற புனைபெயரைத்தான் வைத்துக்கொண்டார். மாணவப் பருவத்தில் வேதியியல் சோதனைகளிலும் மின்சாரத்திலும் மூழ்கிக் கிடந்தார். ஆகவே விக்டர் பெர்சியே என்பார்கள். மகளைக் கைவிட்ட காட்வினே விக்டர் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு, இரண்டுமே போதாது. இருட்டில், தனியே, யாரிடமும் சொல்லாமல் ஒன்றை உருவாக்கி, பிறகு அதன் முகத்தைப் பார்க்க அஞ்சுபவனிடம், எழுதுகிற மேரியின் சாயலே எனக்கு அதிகம் தெரிகிறது. கையெழுத்துப்படியில் பெர்சி சேர்த்தும் மாற்றியும் எழுதிய சொற்கள் சில ஆயிரம் இருக்கும். அதைக் காட்டி நூலையே அவருடையதாக்க முயன்றவர்களும் இருந்திருக்கிறார்கள். மேலே சொன்ன நவம்பர் இரவின் கனவைப் பெர்சி எழுதியிருக்க முடியாது என்பதே அவர்களுக்கு என் விடை.

வில்லியம் என்ற பெயரின் சிக்கல் இன்னும் கடினமானது. அந்த உயிர் செய்யும் முதல் கொலையில் இறப்பவன் விக்டரின் தம்பி, சிறுவன் வில்லியம். மேரி இதை எழுதும்போது, 1816 ஜனவரி 24ஆம் நாள் பிறந்த அவருடைய மகன் வில்லியம் கைக்குழந்தையாக அருகில் இருந்தான். அவருடைய தந்தையின் பெயரும் வில்லியம்தான். சிற்றன்னைக்குப் பிறந்த தம்பியின் பெயரும் அதுவே. தந்தையின் மேலும் தம்பியின் மேலும் இருந்த வன்மமே இப்படி வெளிப்பட்டது என்று விளக்குவோர் உண்டு. எனக்கு அது அச்சமாகவே தெரிகிறது. பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பை என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்து எமனின் கண்ணிலிருந்து மறைக்கும் வழக்கம் நம் பாட்டிமாரிடம் இருந்தது. ஒரு பிள்ளையை இழந்த மேரி அதற்கு நேர்மாறாக, உயிரோடிருக்கும் மகனின் பெயரையே கொலையுண்ட சிறுவனுக்குக் கொடுத்தார். தாம் எதை மிகவும் அஞ்சினாரோ அதைக் கண்ணெதிரே எழுதிப் பார்த்தார். 1819 ஜூன் 7ஆம் நாள் ரோம் நகரில் அந்த வில்லியம் காய்ச்சலில் இறந்தான். அதற்கு முந்தைய ஆண்டு, நாவலை முடித்த 1817 மே மாதத்தில் அவர் வயிற்றிலிருந்த கிளாரா, வெனிஸில் இறந்திருந்தாள். நூல் முன்னே எழுதப்பட்டது, சாவுகள் பின்னே வந்தன. ஆகவே, நடந்த துயரங்கள் கதையாக மாறின என்று மட்டும் சொல்வது இந்நாவலுக்குப் பொருந்தாது. இனி நடக்கக்கூடியதைப் பற்றிய அச்சமும் வாழ்க்கையின் ஒரு பகுதிதான்.

நாவலின் சட்டகத்தில் அவர் ஒளித்துவைத்திருக்கும் ஒரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. முழுக் கதையும் வட துருவத்தை நோக்கிச் செல்லும் வால்டன் தன் சகோதரிக்கு எழுதும் கடிதங்களுக்குள் அடங்கியிருக்கிறது. அந்தச் சகோதரியின் பெயர் மார்கரெட் வால்டன் சாவில். அதன் ஆங்கில முதலெழுத்துகளான M.W.S. மணமான பின் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் ஷெல்லிக்கு உரியவை. கடிதங்களில் ஆண்டு முழுமையாகத் தரப்படவில்லை, ஆனால் ஒரு கடிதம் ஜூலை 31ஆம் நாளைத் திங்கட்கிழமை என்கிறது. 1797இல் அந்த நாள் திங்கட்கிழமைதான். அப்படியானால் முதல் கடிதம் 1796 டிசம்பர் 11ஆம் நாளுக்கும் கடைசிக் குறிப்பு 1797 செப்டம்பர் 12ஆம் நாளுக்கும் உரியவை ஆகின்றன. இடைவெளி ஒன்பது மாதம். முடியும் நாள் வுல்ஸ்டன்கிராஃப்ட் இறந்து இரண்டு நாள் கழித்து. ஆய்வாளர்கள் கண்டெடுத்துச் சொன்ன இந்தக் கணக்கை நான் நாட்காட்டியில் சரிபார்த்தேன். மேரி இதைத் திட்டமிட்டே செய்தார் என்று நான் நம்புகிறேன். படைத்தவனும் படைக்கப்பட்டவனும் அழிந்துபோகும் கதை, ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் வளர்ந்து, பிறந்து, தாயை இழந்த காலத்துக்குள் சொல்லி முடிக்கப்படுகிறது.

இப்படியெல்லாம் சொல்லும் என்னை எதிர்த்து மேரி ஷெல்லியே சாட்சி சொல்கிறார் என்பதையும் எழுதியாக வேண்டும். 1822இல் பெர்சி கடலில் மூழ்கி இறந்தார். பிறந்த பிள்ளைகளில் ஒரே ஒரு மகன் மட்டுமே எஞ்சினான். 1831இல் நாவலைத் திருத்தி மறுபடி வெளியிட்டபோது, இளம்பெண்ணாக இருந்த உங்களுக்கு இவ்வளவு கொடிய எண்ணம் எப்படித் தோன்றியது என்று பலரும் கேட்பதாகச் சொல்லி, அதற்கு விடையாக ஒரு முன்னுரை எழுதினார். மாளிகை, மழை, பைரன், கனவு எல்லாம் அதில் வருகின்றன. இறந்த முதல் குழந்தை வரவில்லை, தாயின் சாவும் வரவில்லை. மகிழ்ச்சியான நாட்களில் பிறந்தது இந்நூல் என்றும், அப்போது மரணமும் துயரமும் தமக்கு வெறும் சொற்களாகவே இருந்தன என்றும் எழுதுகிறார். கணவரையும் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்த பெண்ணுக்குப் பெர்சியோடு வாழ்ந்த பழைய நாட்கள் அப்படித் தெரிந்ததில் வியப்பில்லை; அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1815இன் நாட்குறிப்பும் 1818இன் நாவலும் வேறு விதமாகப் பேசுகின்றன.

திருத்தங்களிலும் அந்தப் பிந்தைய வாழ்க்கையின் தடம் இருக்கிறது. 1818இன் விக்டர் தன் முடிவுகளைத் தானே எடுப்பவன். பொறுப்பைத் தட்டிக்கழித்தவன் என்று அவனைக் குற்றஞ்சாட்ட வாசகருக்கு இடமுண்டு. 1831இன் விக்டர் பெரிதும் விதியின் கையில் அகப்பட்டவன். பதினெட்டு வயதில், பெற்றவர் பிள்ளைக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்று கேட்டவர், இத்தனை சாவுகளுக்குப் பிறகு அந்தக் கேள்வியின் கூர்மையைத் தாமே தணித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் எங்கள் ஆறாம் படிவ மாணவியர் எந்தப் பதிப்பைப் படிக்க வேண்டும் என்று கேட்டபோது 1818ஆம் ஆண்டுப் பதிப்பையே வாங்கச் சொன்னேன். 1831இன் முன்னுரையை நாவலை முடித்த பிறகு தனியாகப் படித்துக்கொள்ளலாம். முதலில் படித்தால், மாளிகையும் மழையும் மனத்தை நிறைத்துக்கொண்டு, கட்டில் திரையை விலக்கி நிற்கும் அந்த உயிரின் நீட்டிய கையைப் பார்க்கவிடாமல் செய்துவிடும்.